கைவிடுதல் வேறு, விடைகொடுத்தல் வேறு

இறுதி நோயில் இருப்பவர் பற்றிக் குடும்பமாக முடிவெடுத்தல் – குடும்பங்களுக்கான ஒரு பாடம்



வீட்டில் வயது போன தாயோ தந்தையோ கடும் நோயில் விழுந்துவிட்டால், ஒரு கட்டத்தில் வைத்தியர் உறவினரை அழைத்து, "நீங்கள் எல்லோரும் கதைத்து ஒரு முடிவு சொல்லுங்கள்" என்கிறார். மாஞ்சோலையில் உள்ள முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலையிலேயே வைத்துப் பார்ப்பதா, யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கு மாற்றுவதா? சுவாசக் கருவி பூட்டுவதா? இன்னொரு சத்திரசிகிச்சையா? அல்லது வீட்டுக்குக் கொண்டுபோய் அமைதியாகப் பராமரிப்பதா? அந்த வேளையில் கண்ணீரும் குழப்பமும் சகோதரருக்குள் பிணக்கும் சேர்ந்துகொள்கின்றன. சரியான முடிவு எடுக்கப்பட்ட பின்னும், "அம்மாவை நாங்கள் சாகவிட்டோமோ?" என்ற கேள்வி ஆண்டுக்கணக்காக மனதை அரிக்கிறது.

இந்தக் கேள்வி எங்கும் உண்டு. ஆனால் புதுக்குடியிருப்பு மக்களுக்கு இது இரட்டைச் சுமை. 2009 பெப்ரவரி தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணைத் தாக்குதலுக்கு உள்ளானபோது அங்கிருந்த நோயாளரும் காயப்பட்டவரும் புதுமாத்தளனுக்கு அப்புறப்படுத்தப்பட்டனர். பெப்ரவரி 10ஆம் திகதி தொடக்கம் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் அவர்களைக் கடல்வழியாகத் திருகோணமலைக்கு ஏற்றிச் சென்றது. கப்பலில் எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை. அந்த மாதங்களில் உறவினரின் உயிர் போகும் வேளையில் அருகிருக்க முடியாமலும், முறையாக அடக்கம் செய்ய முடியாமலும் வந்தவர்கள் நம்மிடையே பலர். அப்படிப்பட்ட ஒருவரிடம், "இனிச் சிகிச்சை வேண்டாம், வீட்டுக்குக் கொண்டு போங்கள்" என்று வைத்தியர் சொல்லும்போது, இரண்டாம் முறையும் கைவிடச் சொல்வதாகவே அது காதில் விழுகிறது. ஆகவே கைவிடுதல் எது, விடைகொடுத்தல் எது என்பதை நாம் தெளிவாகப் படித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு பக்கத்துத் தவறுகள்

உயிர் இறைவனின் கொடை. அதை நாமாக முடித்துவைக்க எமக்கு உரிமை இல்லை. வேதனையை ஒழிக்கிறோம் என்று சொல்லி, சாவை வருவிக்கும் நோக்கத்துடன் மருந்து கொடுப்பதும், அதே நோக்கத்துடன் தேவையான பராமரிப்பை நிறுத்துவதும் கருணைக் கொலையாகும். "பாவம், இருந்து என்ன பயன்?" என்ற நினைவோடு ஒருவருக்குச் சாப்பாடு கொடாமல் விடுவதும் இதுவே. திருச்சபை இதை எக்காலத்திலும் ஏற்றுக்கொண்டதில்லை.

மறுபக்கத்திலும் ஒரு தவறு உண்டு. சாவு நெருங்கிவிட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்த பின்னும், அதை ஏற்க மனமில்லாமல், பயன் தராத சிகிச்சைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுமத்தி நோயாளியை வருத்துவது அது. முதலாவது தவறை நாம் எளிதில் அடையாளம் கண்டுகொள்கிறோம். இரண்டாவது, அன்பின் உருவத்தில் வருவதால் தவறு என்று தெரிவதில்லை. "எங்களால் முடிந்த எல்லாம் செய்தோம்" என்று ஊருக்குச் சொல்லிக்கொள்வதற்காகவும் சிலவேளை அது செய்யப்படுகிறது. அந்த 'எல்லாம்' நோயாளியின் உடம்பில் என்ன செய்தது என்று கேட்பாரில்லை.

திருச்சபையின் படிப்பினை

இது சுவாசக் கருவி வந்த பின் உண்டான புதுப் போதனை என்று நினைக்க வேண்டாம். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியாவின் சலமாங்காப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த பிரான்சிஸ்கோ டி விற்றோரியா என்ற தொமினிக்கன் சபைக் குருவானவர் இதை ஆராய்ந்தார். நோயாளி தன் உயிரைக் காக்கக் கடமைப்பட்டவர்தான். என்றாலும், விலை கூடிய கோழி இறைச்சியைத்தான் உண்ண வேண்டும் என்று வைத்தியர் சொன்னாலும் அதற்கு அவர் கட்டுப்பட்டவர் அல்லர். சாதாரண மனிதர் உண்ணும் உணவை உண்டாலே போதும். உயிரை நீடிப்பதற்காகக் குடும்பச் சொத்து முழுவதையும் கொடுக்கவும் எவரும் கடமைப்பட்டவர் அல்லர் என்பது அவர் முடிவு. காணியை விற்று, தாலிக்கொடியை அடைவு வைத்து, தனியார் மருத்துவமனைக்குக் கட்டும் எமது குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

1957 நவம்பர் 24ஆம் திகதி, மயக்கமருந்து வைத்தியர்களுக்கு ஆற்றிய உரையில் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் இதே படிப்பினையைச் சுவாசக் கருவிக்குப் பொருத்திக் காட்டினார். சாதாரண வழிவகைகளைப் பயன்படுத்தவே நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆளையும் இடத்தையும் காலத்தையும் சூழ்நிலையையும் பொறுத்து, நோயாளிக்கோ பிறருக்கோ அளவுகடந்த சுமையாகும் வழிவகைகளுக்குக் கடமை இல்லை என்றார். 1980 மே 5ஆம் திகதி விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட கருணைக் கொலை பற்றிய அறிக்கையும், 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் (2278ஆம், 2279ஆம் எண்கள்), 2020இல் வெளிவந்த 'நல்ல சமாரியன்' என்ற மடலும் இதையே விளக்குகின்றன. 2025இல் இறைவனடி சேர்ந்த பாப்பரசர் பிரான்சிசும் 2017 நவம்பரில் எழுதிய செய்தியில் இதை வலியுறுத்தினார்.

இதன் சாரம் இதுதான்: ஒரு சிகிச்சை கட்டாயமானதா, இல்லையா என்பதை அந்தக் கருவியைப் பார்த்துத் தீர்மானிப்பதில்லை, அதனால் இந்த நோயாளிக்குக் கிடைக்கும் பயனையும், அது அவர்மேல் ஏற்றும் சுமையையும் சீர்தூக்கியே தீர்மானிக்கிறோம். வன்னியில் பலரும் அறிந்த சிறுநீரக நோயை எடுத்துக்கொள்வோம். நாற்பத்தைந்து வயதான ஒரு தந்தைக்கு, இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரித்தால் பல ஆண்டுகள் வாழ்ந்து பிள்ளைகளை ஆளாக்க முடியும். அவர் அதைத் தட்டிக்கழிப்பது சரியன்று. எண்பத்தைந்து வயதில், பாரிசவாதத்தால் படுக்கையில் கிடந்து, இருதயமும் தளர்ந்துபோன ஒரு தாய்க்கு அதே இயந்திரம் சில நாட்களையும் பல வேதனைகளையும் மட்டுமே தரக்கூடும். வேண்டாம் என்று அவர் சொன்னால் அது தற்கொலை அன்று. இயந்திரம் ஒன்றே, கடமை வேறு.

இன்னொரு பயமும் உண்டு. "தொடங்காமல் விடலாம், ஆனால் தொடங்கியதை நிறுத்தினால் கொலை" என்று பலர் நினைக்கின்றனர். அப்படியன்று. எதிர்பார்த்த பயன் கிடைக்கவில்லையாயின் தொடங்கிய சிகிச்சையை நிறுத்தலாம் என்று 1980ஆம் ஆண்டு அறிக்கை தெளிவாகக் கூறுகிறது. எனவே பயன் தருமோ தராதோ என்ற சந்தேகம் உள்ள இடத்தில், குறித்த சில நாட்களுக்கு முயன்று பார்த்து, பின்னர் வைத்தியரோடு மீண்டும் கதைத்து முடிவெடுப்பது நல்ல வழி.

ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தின் சோதனை

அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் வாழ்ந்த யோசேப்பு குவின்லன், யூலியா குவின்லன் என்ற கத்தோலிக்கத் தம்பதியின் வளர்ப்பு மகள் கறென் ஆன். 1975 ஏப்ரலில், 21ஆவது வயதில், மூச்சு நின்று மூளை பாதிக்கப்பட்டு அவள் நினைவிழந்தாள். சுவாசக் கருவி பூட்டப்பட்டது. மாதங்கள் சென்றன, நினைவு திரும்பும் என்ற நம்பிக்கை அற்றுப்போயிற்று. பெற்றோர் தம் பங்குக் குருவானவருடன் கலந்தாலோசித்து, கருவியை அகற்றும்படி கேட்டனர். வைத்தியர்கள் மறுத்தனர். வழக்கு மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பற்றர்சன் மறைமாவட்ட ஆயர் லோறன்ஸ் கேசி, பெற்றோரின் முடிவு கத்தோலிக்க ஒழுக்கப் படிப்பினைக்கு ஒத்தது என்று எழுத்தில் அறிவித்தார். 1976 மார்ச் 31ஆம் திகதி தீர்ப்பு தந்தையின் பக்கம் கிடைத்தது.

அதன் பின் நடந்ததே எமக்குப் பாடம். 1976 மே மாதம் கருவி அகற்றப்பட்டபோது கறென் இறக்கவில்லை, தானாகவே மூச்சுவிட்டாள். பெற்றோர் என்ன செய்தனர்? குழாய் வழியாக உணவூட்டுவதை நிறுத்தும்படி அவர்கள் கேட்கவில்லை. அவளை ஒரு பராமரிப்பு இல்லத்தில் வைத்து, தொடர்ந்து போய்ப் பார்த்துவந்தனர். 1985 யூன் 11ஆம் திகதி நிமோனியாக் காய்ச்சலால் அவள் இறக்கும்வரை, ஒன்பது ஆண்டுகள் இது நடந்தது. இடையில் 1980இல், இறக்கும் நோயாளரைப் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றையும் மகளின் பெயரால் தொடக்கினர். அவர்கள் மகளைச் சாகடிக்க விரும்பியிருந்தால் இப்படிச் செய்திருப்பார்களா? பயனற்ற ஒரு கருவியையே அவர்கள் விலக்கினர். மகளை விலக்கவில்லை.

பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பரின் இறுதி நாட்களையும் நினைத்துப் பாருங்கள். 2005 பெப்ரவரியில் மூச்சுத்திணறல் வந்தபோது உரோமையின் ஜெமெல்லி மருத்துவமனையில் கழுத்தில் துளையிடும் சத்திரசிகிச்சைக்கு உடன்பட்டார். மார்ச் இறுதியில் கிருமித்தொற்று உடலெங்கும் பரவியபோது மீண்டும் மருத்துவமனைக்குப் போகாமல் வத்திக்கானில் தம் அறையிலேயே இருந்தார். வைத்தியரும் மருந்தும் செபமும் அங்கே அவருக்கு இருந்தன. ஏப்ரல் 2ஆம் திகதி உயிர் நீத்தார். ஒரே மனிதர், ஒரு மாதத்துக்குச் சற்று மேலான இடைவெளியில், சிகிச்சைக்கு ஒருமுறை ஆம் என்றும் ஒருமுறை போதும் என்றும் சொல்ல முடிந்தது.

ஒருபோதும் நிறுத்தக் கூடாதவை

சிகிச்சை நிற்கலாம்; பராமரிப்பு நிற்கக் கூடாது. உடம்பைத் துடைத்தல், புரட்டிப் படுக்கவைத்தல், உதட்டையும் வாயையும் ஈரமாக வைத்திருத்தல், நோவைத் தணித்தல், அருகிலிருந்து கதைத்தல், செபித்தல் ஆகியன கடைசி மூச்சுவரை எமது கடமை.

சாப்பாடும் தண்ணீரும் பற்றிச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். வாயால் உண்ணக் கூடியவருக்கு மறுக்கவே கூடாது. குழாய் வழியாகக் கொடுப்பதும், அது உடலுக்கு ஊட்டமாகவும் நீராகவும் பயன்படும்வரை, பொதுவாகக் கடமையே என்று 2007 ஓகஸ்ட் 1ஆம் திகதி விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் பதிலளித்தது. ஆயினும், உடல் அதை ஏற்க முடியாத நிலைக்கு வந்தால், அல்லது அதனாலேயே பெரும் வேதனை உண்டானால், அக்கடமை இல்லை. இறக்கும் தறுவாயில் பசியும் தாகமும் குறைவது இயற்கை. சாப்பிடாததால் அவர் சாகவில்லை. சாவு நெருங்குவதால் சாப்பிட மனமில்லை. அந்நேரம் கஞ்சியை வலிந்து பருக்கினால் நெஞ்சுக்குள் போய்ப் புரையேறும். சேலைன் அதிகம் ஏற்றினால் உடம்பு வீங்கி, சளி கூடி, மூச்சு இன்னும் கஷ்டப்படும். ஈரத்துணியால் வாயை நனைப்பதே அப்போது தாகத்துக்குச் செய்யும் பணிவிடை.

மோர்பின் மருந்துக்கும் எம்மவர் அஞ்சுகின்றனர். புற்றுநோயின் கடும் நோவுக்கு வைத்தியர் அளவோடு கூட்டிக் கொடுக்கும் மோர்பின், ஆளைக் கொல்லும் நஞ்சன்று. நோவைத் தணிக்கும் நோக்கத்தோடு, வேறு வழி இல்லாதபோது கொடுக்கும் மருந்து, ஆயுளைச் சற்றுக் குறைக்கக் கூடும் என்றாலும் அதைக் கொடுக்கலாம் என்று 12ஆம் பத்திநாதரே 1957 பெப்ரவரியில் கூறியிருக்கிறார். நோயாளியை நோவில் துடிக்கவிட்டு அதைப் பரித்தியாகம் என்று பெயரிட எமக்கு உரிமை இல்லை. ஒருவர் தம் நோவைத் தாமே விரும்பி ஒப்புக்கொடுக்கலாம். மற்றவருக்காக நாம் அதை ஒப்புக்கொடுக்க முடியாது.

"மூளை இறந்துவிட்டது" என்பதற்கும் "நினைவில்லை" என்பதற்கும் உள்ள வேறுபாட்டையும் அறிந்திருங்கள். நினைவில்லாதவர் உயிரோடிருப்பவர்; அவருக்குரிய பராமரிப்பு அனைத்தும் உண்டு. மூளைச் சாவு என்பது, உரிய சோதனைகளால் உறுதிப்படுத்தப்பட்டால், சாவே. கருவியின் காற்றால் நெஞ்சு எழுந்து தாழ்கிறது, அவ்வளவே. இலங்கையில் 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க மனித இழையங்கள் மாற்றீட்டுச் சட்டமும் இதை ஏற்றுக்கொண்டுள்ளது. அந்நிலையில் கருவியை நிறுத்துவது எவரையும் கொல்வதாகாது.

முடிவெடுப்பது யார்?

முதல் உரிமை நோயாளிக்கே. நினைவும் தெளிவும் இருக்கும்வரை அவரைக் கேட்க வேண்டும். எம்மவர் செய்யும் பெரும் பிழை, வைத்தியரை அறைக்கு வெளியே கூட்டிக்கொண்டு போய், "அப்பாவுக்குச் சொல்ல வேண்டாம்" என்று கெஞ்சுவது. அப்பாவுக்குப் பெரும்பாலும் தெரியும். பிள்ளைகள் மனம் நோகக் கூடாது என்று அவர் மறைக்கிறார். அவர் மனம் நோகக் கூடாது என்று பிள்ளைகள் மறைக்கின்றனர். இப்படி ஆளுக்காள் நடித்து, சொல்ல வேண்டியதைச் சொல்லாமலும், மன்னிப்புக் கேட்க வேண்டியவரிடம் கேளாமலும், காணி பற்றிய காரியத்தை ஒழுங்குசெய்யாமலும் ஒருவர் போய்விடுகிறார்.

நோயாளியால் பேச முடியாவிட்டால், எமக்கு எது விருப்பம் என்று கேட்கக் கூடாது. இவருக்குப் பேச முடிந்தால் என்ன சொல்லுவார் என்றே கேட்க வேண்டும்.

இங்கே வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். கனடாவில் இருக்கும் தம்பி தொலைபேசியில், "காசைப் பற்றி யோசிக்காதையுங்கோ அக்கா, கொழும்புக்குக் கொண்டுபோங்கோ" என்கிறார். அவர் அன்பில் குறையில்லை. பத்து ஆண்டுகளாக அருகிருந்து பார்க்க முடியாத துயரமே அப்படிப் பேசுகிறது. ஆனால் படுக்கைப்புண்ணைக் கழுவுவதும், இரவில் முனகலைக் கேட்பதும், "என்னை வீட்டை கொண்டுபோ பிள்ளை" என்ற சொல்லைக் கேட்பதும் அக்காதான். ஆகவே காசு அனுப்புபவரின் குரல், அருகிருப்பவரின் குரலை அமுக்கிவிடக் கூடாது. அக்காவும் தனியே முடிவெடுத்துத் தனியே பழி சுமக்கக் கூடாது. வைத்தியர் விளக்கும் நேரத்தில் தொலைபேசியைத் திறந்து வைத்து, வெளியில் இருப்பவரும் அதே விளக்கத்தை அவர் வாயிலிருந்தே கேட்கச் செய்யுங்கள். அரைவாசிப் பிணக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

வைத்தியரிடம் கேட்க வேண்டிய கேள்விகளும் இவைதான்: இந்தச் சிகிச்சையால் நோய் மாறுமா, அல்லது சாவு சற்றுத் தள்ளிப்போகுமா? இதைச் செய்தால் அவர் எவ்வளவு வேதனைப்படுவார்? செய்யாவிட்டால் என்ன நடக்கும். அப்போது நோவுக்கும் மூச்சுத்திணறலுக்கும் என்ன மருந்து தருவீர்கள்? வீட்டுக்குக் கொண்டுபோனால் யாரிடம் உதவி கேட்கலாம்? நோவு தணிக்கும் பராமரிப்பை நாடெங்கும் விரிவாக்கவென 2019–2023 காலப்பகுதிக்கு அரசு ஒரு தேசியத் திட்டமே வகுத்தது. ஆகவே இதைக் கேட்பது சலுகை கேட்பதன்று.

குருவானவரை எப்போது அழைப்பது?

நோயிற் பூசுதல் சாவுக்கு முந்திய கடைசிச் சடங்கு என்ற பழைய எண்ணம் இன்னும் எம்மிடம் உண்டு. "சுவாமியாரைக் கண்டால் அம்மா பயந்துவிடுவா" என்று சொல்லி, நினைவு போன பின் ஆளனுப்புகின்றனர். இத்திருவருட்சாதனம் நோயாளிக்குத் திடமும் ஆறுதலும் தருவதற்கானது. கடும் நோய் என்று தெரிந்தவுடனே, பாவசங்கீர்த்தனம் செய்யவும் நற்கருணை உட்கொள்ளவும் கூடிய வேளையில் அழையுங்கள். குடும்பம் முழுவதும் கட்டிலைச் சுற்றி நின்று செபிக்கும் அந்த வேளையே, "அம்மா, உங்களுக்கு என்ன விருப்பம்?" என்று கேட்பதற்கும் ஏற்ற வேளை.

மனச்சுமையோடு இருப்போருக்கு

கடந்த காலத்தில் இப்படி ஒரு முடிவை எடுத்துவிட்டு இன்றும் வருந்துவோர் உண்டு. முடிவே எடுக்க வழியின்றி, 2009இல் வீதியோரத்தில் உறவினரை விட்டுவர நேர்ந்தவரும் உண்டு. அவர்களுக்குச் சொல்வது இதுவே: முடியாததை இறைவன் எம்மிடம் கேட்பதில்லை. நீங்கள் அவர்களை விட்டு ஓடியவர்கள் அல்லர். உங்களிடமிருந்து அவர்கள் பறிக்கப்பட்டார்கள். அந்த நாட்களின் காயத்தை ஆற்றுவதற்காக இன்று படுக்கையில் கிடக்கும் தாயின் உடம்பில் ஊசிகளையும் குழாய்களையும் கூட்டிக்கொண்டே போக வேண்டியதில்லை. அன்று கொடுக்க முடியாமற் போனதை இன்று கொடுங்கள்: கையைப் பிடித்துக்கொண்டு அருகில் இருங்கள். சிலுவையடியில் நின்ற அன்னை மரியாளும் ஆணியைக் கழற்ற இயலாதவராகவே இருந்தார். ஆயினும் அவர் விட்டகலவில்லை.

குடும்பமாகக் கலந்துரையாட

1. எமது வீட்டில் மூத்தவர், கடும் நோய் வந்தால் தமக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாரா? இல்லையெனில், இந்த வாரம் யார் கேட்பது?

2. அவர் பேச முடியாமற் போனால் வைத்தியரோடு கதைப்பவர் யார்? வெளிநாட்டில் உள்ளவரும் அதற்கு உடன்படுகின்றனரா? அதை ஒரு தாளில் எழுதி, அவர் கையொப்பத்தோடு கிளினிக் கொப்பிக்குள் வைக்க முடியுமா?

3. எமது அயலில், நோயாளியை இரவு பகலாகத் தனியே பார்க்கும் ஒருவர் உண்டா? அவர் ஓர் இரவு நித்திரை கொள்ள, எம்மில் யார் போய் இருப்பது?